கடைசித் தாள்

இது எனக்கு நேர்ந்ததல்ல. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைத் தட்டச்சு செய்யும் ஜெபசீலி, மூன்று நாள் மதியச் சாப்பாட்டின்போது துண்டுதுண்டாகச் சொன்னது. நடுவில் ஒருநாள் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள், மீதியை மறுநாள்தான் கேட்டேன். சொன்னபடியே எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அவள் வரிசையாகச் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் என் வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நாங்கள்தான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தவறாகப் படித்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் உண்டு, அதனால் சில இடங்களில் என் பயமும் அவளுடையதோடு கலந்திருக்கலாம். அவள் ‘நான்’ என்றதை ‘நான்’ என்றே விட்டிருக்கிறேன். நாள் டிசம்பர் முப்பத்தொன்று. நேரம் மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை.

மின்விசிறியைப் போட்டால் வெட்டிய வசன அட்டைகள் பறக்கும். அதனால் போடவில்லை, அதனால் அப்பா வேர்த்துப் புரண்டு படுக்கிறார், ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனிதரை இந்த ஒற்றை அறையில் புழுங்கப் போட்டிருக்கிறேன், அதுவும் என்னால்தான். பதினோரு தாள் வெட்டியாயிற்று. இன்னும் இருபத்தொன்று. தாளுக்குப் பத்து அட்டை, முப்பத்திரண்டு தாள், முந்நூற்று இருபது. சபையில் இப்போது முந்நூற்றுப் பதினான்கு பேர், கைக்குழந்தைகளைச் சேர்க்காமல். ஆறு மிச்சம் வரும். மிச்சம் வரலாம், குறையத்தான் கூடாது. போன வருடம் குறைந்தது. வேண்டாம், அதை நாலு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வெட்டு. கத்தரியின் வளையம் கட்டைவிரல் மூட்டில் உரசி உரசித் தோல் சிவந்துவிட்டது. அடுத்த வீட்டில் பவர்டேபிள் தையல் மிஷின் ஓடுகிறது, ஓடி நின்று ஓடி நின்று, அது நிற்கும்போதெல்லாம் என் கையும் நின்றுவிடுகிறது, எதற்கென்று தெரியவில்லை. ஒவ்வொரு அட்டையையும் படித்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். அச்சடிக்குமுன் மூன்று தடவை படித்தேன், ஜெராக்ஸ் கடையில் நின்றபடி ஒரு தடவை, இது ஐந்தாவது. ஒன்றுபோல் இரண்டு இல்லை. இல்லையா? ஏழாவது தாளில் மேய்ப்பன் வருகிறது, ஒன்பதாவதிலும் மேய்ப்பன் வந்ததே. வெட்டிய குவியலைக் கலைத்துத் தேடி எடுக்கிறேன். வேறு மேய்ப்பன். ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கிறார், இன்னொருவர் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நடத்திப் போகிறார். சரி, வேறுதான். மூச்சு வருகிறது. மறுபடியும் அடுக்க வேண்டும். அப்பா தூக்கத்தில் ஏதோ முனகுகிறார், தண்ணீரா, இல்லை, வெறும் முனகல். மதியச் சோற்றைப் போட்டுவைத்துத் தொடவில்லை. காலையில் கம்பெனி அரைநாள் விட்டபோது கேட் வாசலில், எங்கள் சபைக்கே வரும் தையல் பிரிவு கெத்சியாள் அக்கா சொன்னதிலிருந்து இப்படித்தான். “நான் இந்த வருசம் அட்டை எடுக்கல ஏட்டி.” அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, “நாலு மணிக்கு வண்டியில வாரேன், வெட்டுனத என்கிட்ட குடுத்துவிடு, நான் சபைக்குக் கொண்டு போயிருதேன்” என்றார். எடுக்காதவர் ஏன் சுமக்க வேண்டும். நாலு மணிக்கு வருவார். நாலு மணிக்குச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாவது தாள்.

வருடம் பிறக்கிற ஆராதனையில் பாட்டு முடிந்ததும் தட்டு சுற்றி வரும். தட்டில் அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும், கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கொன்று எடுப்பார்கள். கையில் வந்த வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குத் தந்த வாக்குத்தத்தம். பீரோ கண்ணாடியில் ஒட்டுவார்கள், ஆதார் அட்டையோடு சேர்த்துப் பர்ஸில் வைப்பார்கள், ஆட்டோ ஓட்டும் செல்வமணி அண்ணன் மீட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறார், வெயிலில் எழுத்தெல்லாம் போய்விட்டது, இருந்தும் தினம் தொட்டுக் கும்பிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான். ப்ளஸ் டூ வருடம் எனக்குப் பயப்படாதே என்று தொடங்கும் வசனம் வந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிவைத்து, கேள்வித்தாள் வாங்குமுன் அதைத் திறந்து பார்ப்பேன், நெஞ்சு அடங்கும். அப்போது அதை யார் எழுதினார்கள், யார் வெட்டினார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. யாரோ ஒரு அக்கா ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பார், அவருக்கும் கை வலித்திருக்கும், அவரும் எண்ணிக்கை குறைந்து எதையாவது இரண்டு தடவை எழுதியிருப்பாரோ. இருந்தால் என்ன, என் நெஞ்சு அடங்கியது உண்மைதானே. அப்படியானால் உண்மை எங்கே இருந்தது, அட்டையிலா, எழுதிய கையிலா. இந்த யோசனை இதே இடத்தில் வந்து நூல் சிக்கிய மாதிரி நிற்கிறது. ஒரு வருடமாக இங்கேதான் நிற்கிறது. இழுத்தால் இன்னும் இறுகுகிறது. பிகாம் முடித்த பிள்ளை, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று பாஸ்டர் தன் நோட்டை என் கையில் கொடுத்தது போன வருடம்தான் முதல் தடவை. அம்மா அன்றைக்கு முழுக்கத் தலையை நிமிர்த்தி நடந்தாள். அந்த நோட்டில் முந்நூறு வசனம், பாஸ்டர் தன் கையால் நம்பர் போட்டு எழுதியது. ராத்திரிகளில் உட்கார்ந்து அடித்தேன், முப்பது தாள். கடைசி நாள் ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது பாஸ்டர் போன் செய்தார், புதிதாகச் சேர்ந்தவர்களை மறந்துவிட்டேன் அம்மா, பத்து குறையும், நீயே பார்த்து ஒரு தாள் சேர்த்துப் போட்டுவிடு. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். எந்த வசனம் போடுவது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எத்தனை வருடம் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள், ஒரு வசனம்கூட வரவில்லை. தாளின் வடிவம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கடைசி வசனத்தை நகல் எடுத்துப் பத்துக் கட்டத்திலும் ஒட்டினேன். பிறகு மாற்றிவிடலாம் என்றுதான் ஒட்டினேன். “சீக்கிரங்க்கா” என்றார் கடைக்காரர். மாற்றவில்லை. அச்சானது. அந்த முந்நூறாவது வசனம், பிள்ளையில்லாதவளை ஆண்டவர் பிள்ளைகளின் தாயாக்கி வீட்டில் மகிழ்ச்சியோடு குடிவைப்பார் என்பது. நம்பர் முந்நூறு. அதற்குப் பின்னால் வேறு ஏதாவது வசனம் இருந்திருக்கலாம். நம்பர் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தூக்கத்தைப் பற்றியது, அதைப் பத்துப் பேருக்கு ஒட்டியிருந்தால் பத்துப் பேரும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்கே அது வந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏம்மா, இதென்ன எனக்கு இப்படி வந்திருக்கு” என்று அம்மாவிடம் நீட்ட, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலேஜ் படிக்கிற செல்வினுக்கு வந்தது, பையன்கள் அவனைத் தாய்க்கிழவி என்று பொங்கல் வரைக்கும் கூப்பிட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்து இருபது வருடமான தங்கசாமித் தாத்தா எழுந்து நின்று, “பாஸ்டரய்யா, எனக்கு எழுவத்தெட்டு, எனக்குமா பிள்ள?” என்று கேட்டார், கூரையே அதிர்ந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம், சிரிப்போடு சிரிப்பாக, நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று, அதுவும் ஒரு சிரிப்பாகப் போயிருக்கும். வாயைத் திறக்குமுன் பாஸ்டர் கையை உயர்த்தினார். ஒரே வசனம் இத்தனை பேர் கையில் வந்திருக்கிறது என்றால் ஆண்டவர் இந்தச் சபையோடு எதையோ அழுத்திப் பேசுகிறார் என்றார். சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கெத்சியாள் அக்கா அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. கல்யாணமாகிப் பதினொரு வருடம். அவரைச் சுற்றியிருந்த பெண்கள் அவர் தலையில் கை வைத்தார்கள். நான் வாயை மூடினேன். ஜனவரி நாலு ஞாயிறும் பாஸ்டர் அந்த வசனத்தின்மேல்தான் பிரசங்கம் செய்தார். நாலு ஞாயிறும் நல்ல பிரசங்கம். வெறுமையான இடங்களை நிரப்புகிறவர் என்றார் ஒரு ஞாயிறு, வெறுமையான கட்டங்களை நிரப்பியது நான்தானே. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல முடியாமை இன்னும் கொஞ்சம் கனத்தது. சொல்லாத ஒரு வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா, அடுத்த வாரம் இரண்டு வாரத்தையும். இப்போது ஐம்பத்திரண்டு வாரம். இது எத்தனையாவது தாள், பதினெட்டா, பத்தொன்பதா. எண்ணிப் பார்க்கிறேன். பத்தொன்பது.

எனக்கு எதையும் சரிபார்க்காமல் விட வராது. வீட்டைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். கம்பெனியில் ஒரு கடிதம் அனுப்பினால் அனுப்பியதைத் திறந்து ஐந்து தடவை படிப்பேன். பட்டச் சான்றிதழில் என் பெயரின் எழுத்துகளை இன்றும் சில நாள் எடுத்து எண்ணுவேன். நம்பு, நம்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். நம்புவது என்றால் சரிபார்க்காமல் இருப்பதா. சரிபார்க்காமல் விட்ட ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தாள், அது இப்படி ஆனது. ஆண்டவரே என்று தொடங்குகிறேன், கத்தரி கோட்டைவிட்டு விலகுகிறது, ஒரு அட்டையின் ஓரம் சாய்ந்துவிட்டது, ஜெபம் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஆண்டவரே என்று மறுபடியும். அதற்கு மேல் போக மறுக்கிறது. செப்டம்பர் வந்துவிடுகிறது. முதல் ஞாயிறு, சாட்சி நேரம், கெத்சியாள் அக்கா எழுந்து நின்றார், பச்சைப் புடவை. நாப்பத்தஞ்சு நாளாச்சு, வருசத் தொடக்கத்துல ஆண்டவர் குடுத்த வாக்கு மாறல என்று சொன்னார், சபை முழுக்க அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை, அம்மா திரும்பிப் பார்த்தாள். என் தப்பை ஆண்டவர் எடுத்துச் சரியாக்கிவிட்டார் என்று இருந்தது, அன்றிரவு நான் கதவை ஒரே தடவைதான் இழுத்துப் பார்த்தேன். இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, “கெத்சியாளுக்குக் கலைஞ்சிட்டாம்” என்றாள். அடுப்பில் பால் இருந்தது, பொங்கி வழிந்து தீய்ந்த வாடை, அம்மாவும் இறக்கவில்லை நானும் இறக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா கேண்டீனில் ஒரு மேசையில் இருந்தால் நான் வேறு மேசைக்குப் போனேன். சபையில் அவர் இடப்பக்கம் என்றால் நான் வலப்பக்கம். அவர் முகத்தைப் பார்த்தால் என் வாயிலிருந்து வந்துவிடும் என்று பயம், வராமலே போய்விடும் என்று அதைவிடப் பயம். ஊரிலிருந்து அவர் மாமியார் போன் செய்கிறாராம், வருடம் முடியட்டும் பார்க்கலாம் என்கிறாராம், எதைப் பார்க்கப் போகிறார். இன்றைக்கு முடிகிறது வருடம். அந்த அட்டையின் கடைசி நாள் இன்றைக்குத்தான். நான் இந்த வருசம் அட்டை எடுக்கல. எடுக்கவில்லை என்றால் சபைக்கு வரவில்லை, வரவில்லை என்றால் இனி வரப் போவதில்லை, ஆண்டவர் தன்னிடம் பொய் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் போகப் போகிறார், பொய் சொன்னவர் அவர் இல்லை, ஜெராக்ஸ் கடையில் அவசரப்பட்ட ஒரு பட்டதாரி. இதைச் சொல்லாமல் அவரைப் போகவிட்டால் நான் ஆண்டவர் மேல் பழி போட்டவள். சொன்னால், பதினொரு வருடத்தில் அவரிடம் ஒரே ஒருமுறை ஆண்டவர் பேசியதையும் நான் பிடுங்கினவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தலை தொங்குகிறது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன், ஒரு நிமிடம்தான். திறக்கும்போது நெற்றியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது, வேர்வையில். உரித்து எடுக்கிறேன், மை கலைந்துவிட்டதா, இல்லை. மணி மூன்று ஐம்பது. இன்னும் ஏழு தாள். அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா, போன வருசம் என்ன நடந்துச்சுன்னா. எந்த வாக்கியத்தாலும் உள்ளே நுழைய முடியவில்லை.

அக்கா கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தார். “ஏட்டி சீலி, திற, கையில கூட இருக்கு.” கூடையை இறக்கினார், கேக்குப் பொட்டலங்கள் மேல் நாளிதழ் மூடியிருந்தது. “உங்கம்மா சபையில கெடந்து கத்துது, அட்ட எங்கன்னு. இன்னும் முடிக்கலியா? இதென்ன, கோழி கிண்டுன மாதிரி வெட்டி வச்சிருக்க. கொண்டா இன்னொரு கத்தரிய.” அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கத்தரியை அவரே எடுத்துக்கொண்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நேர்கோடாக வெட்டினார், கோட்டைப் பார்க்காமலே. அவர் கையை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

“அக்கா, போன வருசம் கடைசித் தாள்ல பத்து அட்டை நான் சும்மா போட்டது. வசனம் குறைஞ்சுபோச்சு. கடைசியா இருந்ததையே பத்துத் தடவ ஒட்டிட்டேன். உங்களுக்கு வந்தது... அது என் தப்பு. ஆண்டவர் இல்ல.”

கத்தரி நிற்கவில்லை. ஒரு அட்டை விழுந்தது, இன்னொன்று விழுந்தது.

“இதத்தான் ஒரு வருசமா முழுங்கிக்கிட்டு அலஞ்சியா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தங்கசாமித் தாத்தா எந்திரிச்சு நின்னு எனக்குமா பிள்ளன்னு கேட்டாரு பாரு, அப்பவே தெரியும். பதினாலு வருசமா பனியன்ல லேபிள் வச்சுத் தைக்கேன். ஒரே சைஸ் லேபிளா பத்து வந்தா எவனோ தூங்கிட்டான்னு தெரியாதாக்கும்?” சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகியது, முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டார், கையில் கத்தரி இருந்ததால்.

“அப்புறம் எதுக்குக்கா சாட்சி சொன்னீங்க?”

அடுத்த தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மிஷின் ஓடி நின்றது. “வேணும்போல இருந்துச்சு,” என்றார். “தப்பா வந்த அட்டன்னு தெரிஞ்சுதான் பிடிச்சுக்கிட்டேன். பஸ்சு நம்ம ஊருக்குப் போவாதுன்னு தெரிஞ்சும் கால் வலிக்கப்போ ஏறி உக்காந்துருதோம்ல, அப்படி. அது உன் தப்பு இல்ல. உன் தப்பு வேற.”

நான் நிமிர்ந்தேன்.

“கேண்டீன்ல என்னப் பாத்துட்டுத் தட்டத் தூக்கிட்டுப் போன பாரு. ஒருநா இல்ல, தெனமும். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கலைஞ்சவ பக்கத்துல கல்யாணமாகாத பிள்ள உக்காரக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லிவிட்டுட்டாங்களாக்கும்னு நெனச்சேன். உங்க வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தாம போனேன். இன்னைக்குத்தான் நிறுத்திருக்கேன்.”

இது எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வாரம் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தவள், இதை எண்ணவே இல்லை. ஒரு தாளை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். “அப்படி இல்லக்கா, நான் பயந்துக்கிட்டு...” என்றேன். அழக் கூடாது, அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது இன்னும் மோசம்.

“மன்னிச்சிருங்கக்கா.”

“சரி சரி. வெட்டு.”

வெட்டினேன். “அப்ப நீங்க இன்னைக்கு வரமாட்டீங்களா?” என்று குனிந்தபடியே கேட்டேன்.

“எங்க?”

“ஆராதனைக்கு. அட்டை எடுக்கலன்னு சொன்னீங்களே.”

“அட்ட வேண்டாம்னேன். ஆண்டவரு வேண்டாம்னா சொன்னேன்? நல்ல பிள்ள நீ.” கத்தரியால் தலையைச் சொறிந்தார். “ஒரு வருசத்துக்குன்னு மொத்தமா வாங்கி வச்சா எனக்கு வீட்ல கெட்டுப்போவுது ஏட்டி. மார்ச்சுக்கு மேல அத நான் எடுத்தே பாக்கல. செப்டம்பர்ல எடுத்தேன், அது வேற கத. அதுக்கப்புறம் காலையில எந்திரிக்கவே முடியல. பெரிசா கேக்கத் தெம்பு இல்ல. பிள்ளயும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. படுக்கையிலே கெடந்துக்கிட்டே, ஆண்டவரே, இன்னைக்கு ஒருநா என்னக் கொண்டுபோயி அந்த மிஷின் முன்னால விட்டுரும், அது போதும்னு சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. விட்டாரு.” விரலில் ஒட்டிய துணுக்கை ஊதினார். “மறுநா மறுபடியும் கேக்கணும். அதான் தொல்ல. ஆனா கேட்டா விட்டுருதாரு.”

கட்டிலில் அப்பா எழுந்து உட்கார்ந்தார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கண்களோடு. “யாரும்மா அது?”

“நான்தான் அண்ணாச்சி. கெத்சியா.” ஒரு நொடி விட்டு, “அண்ணாச்சி, உங்களுக்கு அந்த வாக்குத்தத்தம் என்னாச்சு? வருசம் இன்னையோட முடியுதே, பிள்ள எங்க?” என்றார்.

அப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று. அக்காவே முதலில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், இருமல் வந்து தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது அக்கா கடைசித் தாளின் நான்காவது அட்டையில் இருந்தார், எழுத்தைப் படிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து மீதி அட்டைகளைப் படிக்காமல் அடுக்கினேன். கை ஒருமுறை திருப்பிப் பார்க்கப் போனது. விட்டுவிட்டேன். “பாஸ்டர்கிட்ட சொல்லிராத,” என்று கூடையைத் தூக்கும்போது சொன்னார், “பாவம், நாலு வாரம் தொண்டத்தண்ணி வத்தப் பிரசங்கம் பண்ணாரு.” பிறகு வாசலில் நின்று, “திங்கக்கிழம கேண்டீன்ல எனக்கும் ஒரு எடம் போட்டு வை” என்றார். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். சோர்வு அப்படியேதான் இருந்தது, கட்டைவிரல் அப்படியேதான் எரிந்தது. உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டேன்.

ஜெபசீலி சொன்னது இவ்வளவுதான். அன்றைய ஆராதனைக்குக் கெத்சியாள் வந்தாரா என்று கேட்டேன். வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தட்டு வந்தபோது எடுக்காமல் பக்கத்து ஆளுக்கு நகர்த்திவிட்டார், கடைசிப் பாட்டுவரை இருந்தார் என்றாள். பாஸ்டரிடம் அவள் பிறகு சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இதைச் சொன்ன மூன்று நாள் தவிர, அந்த வாரத்திலிருந்து அவர்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், அதை நானே பார்க்கிறேன்.

கேட்ட கதையை அப்படியே நம்பிவிட எனக்கும் வராது. கம்பெனியின் வருகைப் பதிவு என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இதற்காக அதைத் திறந்து பார்ப்பது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன், பிறகு பார்த்தேன். தையல் பிரிவு, கெத்சியாள். அந்த வருடம் வேலை நாட்கள் முந்நூற்றிரண்டு. அவர் வராத நாட்கள் நான்கு, நான்கும் செப்டம்பரில், அடுத்தடுத்து. ஐந்தாம் நாள் எட்டரை மணி ஷிப்டுக்கு எட்டு இருபத்தாறுக்கு விரல் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு டிசம்பர் முப்பத்தொன்று வரை ஒருநாள்கூட விடுபடவில்லை.